கொள்ளுப்பிட்டிக்கு ஒரு விசா

கடலில் மூன்று தரம் மூழ்கி, மூன்று தரமும் யாரோ தலைமயிரில் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்ட ஒருவனிடம் போய் ‘எனக்கு நீச்சல் பழக்கிவிடு’ என்று கேட்கிற மூடனை நீங்கள் இதுவரை கண்டதில்லை என்றால், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது நான்தான். தூதரகத்தில் மூன்று தரம் விசா மறுக்கப்பட்ட, என்னோடு ஒரே அறையில் இருந்த என் அறைக்காரனிடம், கொம்பியூட்டர் கொம்பனி ஒன்றின் இன்ரவியூவுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பாடம் கேட்டேன். கேட்டதோடு நிற்கவில்லை, மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்ததோடும் நிற்காமல் அங்கே போய் ஒப்புவித்துவிட்டும் வந்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் எங்கள் அறை இருந்தது. சண்டை திரும்பவும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்ட காலம். அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள். ஒருவர் மனைவியிடம் போக, இன்னொருவர் படிக்க, மற்றொருவர் ‘எங்கையெண்டாலும் பரவாயில்லை’ என்ற வகை. காலையில் பல் விளக்கும்போதே ‘இன்ரவியூ’ என்ற சொல் காதில் விழும். அந்தச் சொல்லுக்கு எங்கள் மாடியில் ஒரே அர்த்தந்தான்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், இந்தப் பக்கம் வியர்த்துக்கொண்டு நாங்கள்.

நான் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராதவன். கொம்பியூட்டர் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். வெளிநாடு போகும் எண்ணம் இல்லை. நாட்டுப்பற்று, கொள்கை என்றெல்லாம் நினைத்து என்னை உயர்த்திவிடாதீர்கள். சோம்பல். ஒரு விசாவுக்கு நிரப்ப வேண்டிய விண்ணப்பத்தின் தடிப்பைப் பார்த்ததுமே எனக்குக் கொட்டாவி வரும்.

ஆனால் கொழும்பில் நிற்பதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. எங்கள் தமிழ் ஆட்கள் எவர் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். பதிவு முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். ஏன் நிற்கிறீர் என்று கேட்பார்கள். “வேலை தேடுறன்” என்று சொல்வேன். முதல் தரம் சார்ஜன் தலையாட்டினார். அடுத்த தரம் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அதற்கடுத்த தரம் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

“மல்லி, வேலை தேடுறது ஒரு வேலை இல்லை. அடுத்த முறை வேலையோடு வாங்க. இல்லாவிட்டால் ஊருக்குப் போங்க” என்றார் சிங்களத்தில். மல்லி என்றால் தம்பி.

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோபம் என்றால் அடுத்த முறைக்குள் ஆறிவிடும். இவர் சொன்னது கணக்கு வாத்தியார் விடை சொன்னது போல இருந்தது. ஊருக்குப் போவதென்றால் கப்பலுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். போனபின் திரும்பி வர அனுமதி கிடைக்குமா என்பது ஆண்டவனுக்கே தெரியாது. அங்கே கொம்பியூட்டர் வேலை இருக்கட்டும், கொம்பியூட்டருக்கு மின்சாரமே ஒழுங்காக இல்லை. ஊரில் தனியே இருந்த அம்மாவே தொலைபேசியில், “வந்திடாதை ராசா, அங்கையே நில்லு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தா.

ஆக, அடுத்த பதிவுக்குள் ஒரு வேலை. இல்லையென்றால் கப்பல்.

அந்த நேரத்தில்தான் அந்தக் கொம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. உலகத்தில் பாதி ஊர்களில் ஒஃபிஸ் வைத்திருக்கிற மிகப் பெரிய கொம்பனி. எங்கள் அறையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், கொள்ளுப்பிட்டியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடிகளில் அதன் கிளை. நான் விண்ணப்பித்ததையே மறந்துபோயிருந்தேன். குளியலறை வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்ற அறைக்காரனிடம் ஓடினேன்.

“மச்சான், எனக்கு இன்ரவியூ வந்திருக்கு!”

“எந்த நாடு?”

“கொள்ளுப்பிட்டி.”

பிரஷை வாயிலிருந்து எடுத்தான். “விடியக் காலமை பகிடி விடாதை.”

“வேலைக்கடா. சொஃப்ற்வெயார் எஞ்சினியர்.”

துப்பிவிட்டு வந்து யோசித்தான். “வேலைக்கோ விசாவுக்கோ, இன்ரவியூ எண்டால் இன்ரவியூதான். ஒருத்தன் இருந்து கேப்பான், மற்றவன் வேர்த்து வேர்த்துச் சொல்லுவான். பயப்பிடாதை, நான் சொல்லித் தாறன்.”

“உன்னை மூண்டு தரம் றிஜெக்ற் பண்ணினவங்கள்.”

“அதாலைதான் சொல்லுறன். ஒரே தரத்திலை கிடைச்சவனுக்கு என்ன தெரியும்? கேட்டுப் பார், ‘போனன், தந்தாங்கள்’ எண்டுவான். எல்லாக் கேள்வியும் தெரிஞ்ச ஆள் இந்த மாடியிலை நான் ஒருத்தன்தான்.”

இந்த நியாயம் எனக்குச் சரியாகவே பட்டது. பல்கலைக்கழகத்தில் தர்க்கம் எங்களுக்கு ஒரு பாடமாக இருந்தது. அதில் நான் மறுபரீட்சை எழுதியவன்.

என் அறைக்காரனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என்னைவிட ஒரு வயது மூத்தவன். கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக்கடையில், விசா வரும் வரைக்கும் என்று தற்காலிகமாகச் சேர்ந்து, அந்தத் தற்காலிகத்தில் ஏற்கெனவே இரண்டு சம்பள உயர்வு வாங்கிவிட்டிருந்தான். கனடாவில் இருந்த தமையனைப் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு கிழமையில் திரும்பி வருவதற்குத்தான் அவன் விசா கேட்டது. இரண்டு கிழமைக்கு. ஆனால் எங்கள் அறைக் கதவின் பின்னால் ஆணியில் அவனுடைய குளிர்ச்சட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கரடி ஒன்றை உரித்துத் தொங்கவிட்டது போலிருக்கும். வெள்ளவத்தை வெக்கையில் அதைப் பார்த்தாலே உடம்பு அவியும். அதன் இரண்டு பைகளுக்குள்ளும் பூச்சி அரிக்காமல் கற்பூர உருண்டை போட்டு வைத்திருந்தான். இரண்டு கிழமைப் பயணத்துக்கு அவ்வளவு முன்யோசனை.

அன்று பின்னேரம் பாடம் தொடங்கியது. இஸ்திரி போடும் மேசைக்குப் பின்னால் அவன் சாரத்தோடு, மேலுக்குச் சட்டையில்லாமல், துவாயைக் கழுத்தில் ரை மாதிரிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நான் கட்டில் ஓரத்தில்.

“முதலாவது,” என்றான், “சிரிக்கப்படாது. அவன் என்ன கேட்டாலும், நீ என்ன சொன்னாலும், சிரிக்கப்படாது.”

“ஏன்?”

“சொன்னதைச் செய். ரெண்டாவது, வாயாலை சொல்லுறதை ஒருத்தரும் நம்ப மாட்டினம். எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். கொம்மாவின்ரை படம் இருக்கோ? வீட்டு உறுதி?”

இருந்தது. பிள்ளை எப்படியும் ஒருநாள் வெளிநாட்டுக்குத்தான் போவான் என்று முடிவு கட்டி, பாதை பூட்ட முதலே அம்மா ஒரு முழுக் கட்டாக அனுப்பி வைத்திருந்தா: வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, வீட்டு வாசலில் தான் நிற்கிற படம், அக்காவின் கலியாண அல்பம்.

“அல்பம் எதுக்கடா?”

“குடும்பப் பிணைப்புக்கு. கலியாண அல்பத்துக்கு மிஞ்சின ஆதாரம் உலகத்திலை இல்லை. மூண்டாவது முக்கியம். அவங்கள் எதை எதைச் சுத்திக் கேட்டாலும் கடைசியிலை ஒண்டைத்தான் பாக்கிறாங்கள்: இவன் திரும்பிப் போவானோ, மாட்டானோ. ஆனபடியால் என்ன கேட்டாலும் திரும்பிப் போவன் எண்டு சொல்லு. அங்கை குடியேற நோக்கமில்லை எண்டு சொல்லு. நீ ஓமெண்டால் நான் தூதரகத்திலை சொன்னதையே எழுதி வைச்சிருக்கிறன், அப்பிடியே பாடமாக்கு.”

ஆங்கிலத்தில் அவன் சொல்லச் சொல்ல நான் பின்னால் சொன்னேன். சின்ன வயதில் தேவாரம் பாடமாக்கியது போல, பொருள் எங்கே போகிறது என்று பார்க்காமல், இழுவையை மட்டும் பிடித்துக்கொண்டு. இடையில் கொம்பியூட்டர் பற்றி ஏதும் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“அது உன்ரை பாடுதானே,” என்றான். “அதையும் நானோ படிப்பிக்கிறது?”

இன்ரவியூ அன்று அவனுடைய சப்பாத்தையும் தந்தான். மூன்று தரமும் தூதரகத்துக்குப் போய் வந்த சப்பாத்து. எனக்கு ஒரு சைஸ் பெரிது. முன்பக்கத்தில் பேப்பர் அடைத்துக்கொண்டு, வாத்து நடை நடந்து காலி வீதிக்கு வந்து பஸ் ஏறினேன்.

கொள்ளுப்பிட்டிக்குக் கிட்ட வந்ததும் பஸ்ஸை மறித்தார்கள். வழக்கம்போல எல்லோரும் இறக்கம், வழக்கம்போல ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் முறை வந்தது. அடையாள அட்டையைப் பார்த்த இராணுவச் சிப்பாய் என் பைலைத் திறக்கச் சொன்னார்.

“கொஹெத யன்னே?” எங்கே போகிறாய் என்று கேட்டார்.

“இன்டர்வியூ.”

“வீசா?”

“நே, ஜொப்.”

வேலைக்குப் போகிறவனின் பைலுக்குள் கலியாண அல்பம் ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அல்பத்தைக் கவனமாகப் பார்த்தார். அக்கா தாலி கட்டிக்கொள்கிற படத்தில் நின்று, “அக்காத?” என்று கேட்டு, வெள்ளைப் பல் தெரியச் சிரித்தார். பாவம், என் வயதுதான் இருக்கும். அவருக்கும் ஊரில் ஒரு அக்கா இருந்திருக்கலாம். நானோ காலையிலிருந்து சிரிக்கக் கூடாது என்ற விரதத்தில் இருந்தேன். கல்லு மாதிரி நின்றேன். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. ஏன் சிரிக்கிறாயில்லை என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, என்னை மட்டும் திரும்பவும் முதலிலிருந்து தடவிப் பார்க்கத் தொடங்கினார். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அடைத்திருந்த பேப்பரை எடுத்து விரித்து இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ்ஸுக்குள் ஏறிவிட்ட சனம் முழுக்க ஜன்னலால் என்னைப் பார்த்தபடி இருக்க, கொண்டக்டர் மட்டும் படியில் நின்று, “எயா என்னக்கங் இன்ன”, அவர் வரும்வரை நில் என்று சாரதியிடம் கத்தி, எனக்காக பஸ்ஸைப் பிடித்து வைத்திருந்தார்.

அந்தக் கொண்டக்டர் நன்றாக இருக்க வேண்டும். அவர்தான் பிறகு எனக்குப் பாதி வேலையை எடுத்துத் தந்தவர்.

கொம்பனியின் மேல்மாடியில் ஏசி அப்படி ஒரு குளிர். கதவுக்குப் பின்னால் தொங்கிய கரடித் தோலை முதல் தடவையாகப் பொறாமையோடு நினைத்துக்கொண்டேன். அறைக்குள் இரண்டு பேர். ஒருவர் தடித்த கண்ணாடி போட்ட இளம் எஞ்சினியர். மற்றவர் மனேஜர், கட்டையாக வெட்டிய நரைத்த மயிரோடு, சேலை உடுத்த சிங்கள அம்மா. எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதை இங்கே தமிழில் சொல்கிறேன். என் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் இப்போதும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்.

எஞ்சினியர் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். ஒரு கொம்பியூட்டர் நிரலுக்கு வேலைகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பல கொம்பியூட்டர்கள் பகிர்ந்து செய்கின்றன. சிலது கெதியாக முடியும், சிலது பிந்தும். ஆனால் முடிந்து வெளியே போகும்போது, வந்த அதே ஒழுங்கில்தான் போக வேண்டும். எப்படிச் செய்வீர்கள்?

எனக்கு மூளைக்குள் வெளிச்சம் அடித்தது. வரிசையைப் பற்றி என்னிடமா?

பலகையில் ஒரு பஸ் கீறினேன். எல்லோரும் இறங்குகிறார்கள் என்றேன். ஒருவர் அட்டையைக் காட்டிவிட்டு உடனே வந்துவிடுவார், ஒருவரைப் பையைத் திறக்கச் சொல்லி மறித்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏறும்போது தன் பழைய இருக்கை வேண்டும். ஆகவே இறங்கும்போதே இருக்கைக்கு ஒரு இலக்கம் போட்டு வைக்க வேண்டும். முதல் ஆள் வரும்வரை பின்னால் வந்தவர்கள் படியருகே காத்திருக்க வேண்டும். இதை ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் அவர் பெயர் கொண்டக்டர். பிறகு அந்தக் கொண்டக்டரை அப்படியே நிரலாக எழுதினேன். அது ஒன்றுதான் அன்று என் சொந்தச் சரக்கு.

எஞ்சினியர் ஆவலோடு முன்னால் குனிந்தார். “சரி. ஒருவர் திரும்பி வரவேயில்லை என்றால்?”

அவர் கேட்டது நிரலைப் பற்றி. கேட்டு முடித்தபிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கொஞ்ச நேரம் பார்க்கலாம்,” என்றேன். “பிறகு பஸ் போகத்தான் வேண்டும், மற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருடைய இருக்கையை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. பிந்தி வந்தாலும் ஏற இடம் இருக்க வேண்டும்.”

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு நன்றி என்றார். அந்த இடத்தில் எழும்பிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய தேவையே வந்திராது.

மனேஜர் அம்மா கதிரையை நகர்த்திக்கொண்டு முன்னுக்கு வந்தா. “உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.”

அவ்வளவுதான். உள்ளே யாரோ சுவிச்சைப் போட்டதுபோல நாக்கு தானாக ஓடத் தொடங்கியது. என் முழுப்பெயர். தகப்பனின் முழுப்பெயர். பிறந்த இடம். நிரந்தர விலாசம், தற்காலிக விலாசம். ஒரு அக்கா, கலியாணமானவர். “எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கிறது” என்று பைலைத் தட்டிக் காட்டினேன்.

“ஆதாரமா?” என்றா அவ. பிறகு, பெருந்தன்மையோடு, “நல்லது. ஏன் எங்களிடம் வர விரும்புகிறீர்கள்?”

இந்தக் கேள்வி எனக்குத் தெரியும்! ‘ஏன் எங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறீர்கள்?’ – சாரத்தோடும் துவாயோடும் அவன் கேட்ட அதே கேள்வி. நான் சந்தோஷத்தில் வாயைத் திறந்து, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்:

“என் அண்ணரைப் பார்க்க.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது.

“ஓ, உங்கள் அண்ணர் இங்கே வேலை செய்கிறாரா? எந்தப் பிரிவில்?”

“இல்லை.”

“அப்போ?”

“எனக்கு அண்ணரே இல்லை.”

எஞ்சினியரின் பேனை கீழே விழுந்தது. அதை எடுக்க மேசைக்குக் கீழே குனிந்தவர் வெகுநேரம் மேலே வரவில்லை. மேசை மட்டும் மெல்லக் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சிரிக்கவில்லை. முதலாவது பாடத்தை அந்த நிலையிலும் காப்பாற்றினேன்.

மனேஜர் அம்மா தண்ணீர் எடுத்துக் குடித்தா. “பரவாயில்லை. இன்னும் ஐந்து வருடத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?”

“நிச்சயமாகத் திரும்பிப் போய்விடுவேன்.”

“எங்கே?”

“என் நாட்டுக்கு.”

“இப்போது எங்கே இருக்கிறீர்கள்?”

யோசித்தேன். ஆதாரத்தோடு சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது. “கொள்ளுப்பிட்டியில்.”

மேசைக்குக் கீழே போன எஞ்சினியர் மேலே வராமலே இருமினார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் கப்பல் தெரிந்தது. சார்ஜன் பேனையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. இனி இழக்க என்ன இருக்கிறது என்று பைலைத் திறந்து, உறுதி, அம்மாவின் படம், அல்பம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். “மடம், எனக்கு இருக்கிற எல்லாம் இந்த நாட்டில்தான் இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறும் நோக்கம் எனக்கு இல்லை. தேவையென்றால் எழுதித் தருகிறேன்.”

அதுவும் அவன் எழுதித் தந்த வசனந்தான்.

அவ சிரிப்பா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அல்பத்தை எடுத்து ஒரு பக்கம் திருப்பினா. பிறகு அதை வைத்துவிட்டு அம்மாவின் படத்தை எடுத்தா.

“அம்மா இப்போதும் அங்கேயா?”

“ஓம், மடம்.”

“கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”

“பாதை பூட்டுவதற்கு முதல்.”

படத்தை என் பக்கம் திருப்பி வைத்தா. “இந்தக் கதிரையில் இருந்தவர்களில் எத்தனை பேரை நான் எடுத்துப் பழக்கியிருக்கிறேன் தெரியுமா? வேலை பிடிபட்டு வருகிற நேரம் விசா வந்துவிடும். ஒருவர் மெல்பேர்ணில், ஒருவர் டொரண்டோவில். கேட்டபோது எல்லோரும் போகமாட்டோம் என்றுதான் சொன்னார்கள். ஒருவராவது வீட்டு உறுதியைக் கொண்டுவந்து காட்டியதில்லை.” கொஞ்சம் நிறுத்தி, “உண்மையாகவே போகமாட்டீர்களா?” என்றா.

“மாட்டேன்.”

இதற்கு மட்டும் அறைக்காரனின் உதவி தேவைப்படவில்லை. மனப்பாடம் செய்த பொய்களுக்கு நடுவே இது ஒன்று உண்மையாக இருந்துவிட்டது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த விண்ணப்பங்களை எல்லாம் யாரால் நிரப்ப முடியும்?

அறிவிப்போம் என்று அனுப்பினார்கள். வாத்து நடையில் வீட்டுக்கு வந்து, அன்றிரவே அறைக்காரனிடம் நடந்ததை ஒப்புவித்தேன். அவன் கட்டிலில் விழுந்து உருண்டான்.

“அண்ணரைப் பாக்க எண்டு சொன்னியோ! எட, அது என்ரை அண்ணரடா!”

“நீதானே அப்பிடியே பாடமாக்கச் சொன்னனீ!”

“அப்பிடியே எண்டால் அப்பிடியேயோ! அண்ணரைக் கழட்டிப்போட்டுக் கொம்பனியைப் போடத் தெரியாதே? உனக்கு ஆர் பட்டம் தந்தவன்?”

மாடி முழுக்கக் கதை பரவ ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “அண்ணரைப் பாக்க வந்தவர் குளிச்சு முடிஞ்சுதோ?” “அண்ணரைப் பாக்க வந்தவர், உப்புப் போத்தலை இஞ்சாலை தாரும்.” நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் பதிவு முடியும் நாள் நெருங்க நெருங்க, கப்பலுக்குப் பெயர் கொடுக்கிற இடத்தின் விலாசத்தையும் ஒருவரிடம் மெல்ல விசாரித்து வைத்தேன்.

கைத்தொலைபேசி அடித்தபோது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். மனேஜர் அம்மாவின் குரல்.

“வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள். சான்றிதழ்களைக் கொண்டு வர வேண்டும்.” பிறகு, “கலியாண அல்பம் வேண்டாம்.”

அப்படியே படியில் இருந்துவிட்டேன். கீழ்வீட்டில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத்தில் கல்கிசைப் பக்கம் போகிற ரயில் வழக்கமான சத்தத்தோடு போனது. எல்லாம் இருந்தபடியேதான் இருந்தது, நான் கப்பலேறத் தேவையில்லை என்பது மட்டும் புதிது. அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். “வெளிநாடோ?” என்று கேட்டா. கொள்ளுப்பிட்டி என்றேன். “அதுவும் நல்ல இடந்தான்” என்றா. பிறகு அறைக்குப் போய்ப் பட்டப்பகலில், சட்டையையும் கழற்றாமல், குழந்தை மாதிரி நித்திரை கொண்டேன்.

பொலிஸுக்குப் போகும்போது நியமனக் கடிதத்தைக் கையில் விரித்துப் பிடித்தபடியே போனேன். சார்ஜன் வாசித்தார். கொம்பனியின் பெயரைத் திரும்பவும் வாசித்தார். “ஹரி”, சரி என்று பேனையை எடுத்து எழுதினார். இவ்வளவுதானா என்று நான் மலைத்து நிற்க, குரலைத் தாழ்த்தி, “மல்லி, அங்கே ஆள் எடுக்கிறார்களா? என் மகளும் கொம்பியூட்டர்தான் படிக்கிறாள்” என்றார். இன்ரவியூவுக்குப் போகும்போது வீட்டு உறுதியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றேன். நான் பகிடி விடுவதாக நினைத்தார்.

அன்று பின்னேரம் அறைக்காரனைக் காலி வீதிக் கடை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன். குரு தட்சணை. இரும்புக்கடையிலிருந்து நேரே வந்திருந்தான். கையில் துருவின் மணம் இருந்தது. ரொட்டி கொத்துகிற சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி, மனேஜர் அம்மா சொன்னதை அவனுக்குச் சொன்னேன். பழக்கி எடுத்த எல்லோரும் வெளிநாடு போய்விடுகிறார்கள், போகாத ஒருவனைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறா, உன்னுடைய அந்த வசனத்தில்தான் விழுந்துவிட்டா என்று.

“பாத்தியே,” என்றான் வாய் நிறைய ரொட்டியோடு. “நான் சொல்லேல்லையே? அவங்கள் பாக்கிறது அது ஒண்டைத்தான்.”

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

“எல்லாம் சரி மச்சான். அதே வசனம், அதே மாதிரிப் பைல், அதே சப்பாத்து. நான் ஒருக்காச் சொல்ல நம்பிப்போட்டினம். நீ மூண்டு தரம் சொல்லியும் ஏன்டா ஒருத்தனும் நம்பேல்லை?”

அவன் பீங்கானைப் பார்த்தபடி கடைசித் துண்டு ரொட்டியையும் குழம்பில் தோய்த்து வாயில் போட்டு, ஆறுதலாக மென்று விழுங்கினான்.

“நான் சொல்லேக்கை சிரிச்சுப்போட்டன்.”